உயிர் கேட்கும், மெய் கேட்காது

1

போன பொங்கலுக்குத் திருவொற்றியூர் வீட்டுக்குப் போயிருந்தேன். விடிகாலை நாலரை மணிக்குத் தூக்கம் கலைந்து, மொட்டைமாடிக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு லுக் ஃபெராரியின் ‘ப்ரெஸ்க் ரியான்’ முதல் பகுதியை ஓடவிட்டேன். பிரெஞ்சில் ‘கிட்டத்தட்ட ஒன்றுமில்லை’ என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு படகு எஞ்சின் டுபுடுபுவென்று கேட்டது. என்ன அருமையான பதிவு என்று நினைத்தபடி ஹெட்போனைக் கழற்றினால், எஞ்சின் நிற்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, எங்கள் கடலில் ஒரு ஃபைபர் போட் கிளம்பிக்கொண்டிருந்தது. எது ஃபெராரியின் படகு, எது எங்கள் குப்பத்துப் படகு என்று சில நொடிகள் எனக்குப் பிடிபடவில்லை.

ஃபெராரியின் படகு ஓடியது 1960களின் கடைசியில். அன்றைய யூகோஸ்லாவியாவில் கொர்சுலா தீவு, அதில் வேலா லூகா என்ற மீனவ ஊர். தங்கியிருந்த வீட்டு ஜன்னலில் மைக்கை வைத்து, தினமும் விடிவதற்கு முன்பே, மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை பதிவு செய்தார். பல நாள் பதிவுகளைச் சேர்த்து ஒரே ஒரு விடியல் போலச் சுமார் இருபது நிமிடத்தில் அடக்கினார். படகு, கழுதை, கோழி, குழந்தைகள், ஒரு பெண்ணின் பாட்டு, கடைசியில் காது கூசும் அளவுக்குச் சிள்வண்டு. அவ்வளவுதான். வாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது. 1970இல் அதை முடித்தபோது, அவரோடு ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்களே இது இசைதானா என்று முகம் சுளித்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்கு வந்த அம்மா ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துப் பார்த்தார்.

“இன்னாப்பா இது, பாட்டே வரல?”

“இதுதாம்மா பாட்டு.”

“இதுக்கு எதுக்கு காசு குடுத்து ஹெட்போனு? கழட்டிப் போடு, சும்மாவே கேக்குது.”

இந்த வகை இசையைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இந்த அளவுக்கு நேராக மண்டையில் அடித்ததில்லை. சும்மாவே கேட்கிற ஒன்றை எதற்கு ஹெட்போனில் கேட்க வேண்டும்? அதுவும், அந்தச் சத்தத்திலிருந்து வெளியே போகட்டும் என்றுதான் என்னைக் கடன் வாங்கிப் படிக்க வைத்தார்கள் என்னும்போது? இந்தக் கட்டுரை அம்மாவுக்குப் பதில் சொல்லும் முயற்சி. முழுப் பதில் என்னிடம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2

வெளியில் பதிவு செய்த ஒலிகளை வெட்டி ஒட்டி, மின்னணுக் கருவிகளில் உருமாற்றிச் செய்யும் இசைக்கு ஓர் ஊரும் ஒரு வருடமும் சொல்லச் சொன்னால், பாரிஸ், 1948 என்று சொல்வார்கள். ஆள், பியர் ஷேஃபர். தொலைத்தொடர்பு இன்ஜினியர், பிரெஞ்சு வானொலியில் வேலை. பாரிஸின் ஒரு ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின் ஊதல், சக்கரங்களின் தடதடப்பு எல்லாவற்றையும் இசைத்தட்டில் பதிந்துகொண்டு வந்தார். தட்டின் வரிப்பள்ளத்தை ஒரு வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதே இடத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: முடிவில்லாத லூப். நாம் தவறு என்று திருத்துவதை அவர் இசையாக்கினார். அக்டோபர் 5, 1948 அன்று அந்த ரயில் துண்டு வானொலியில் ஒலிபரப்பானது.

ஷேஃபருக்கு அதில் ஒரு குறை இருந்தது. என்ன வெட்டினாலும் கேட்பவர்களுக்கு ரயில் ரயிலாகவே கேட்டது. எது எழுப்பிய சத்தம் என்பது மறந்துபோய், சத்தம் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது அவர் ஆசை. இதைப் பின்னால் 1966இல் ஒரு தடித்த புத்தகத்தில் கோட்பாடாகவே எழுதினார். ‘சுருக்கிய கேட்டல்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பிதாகரஸ் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் எடுப்பாராம். சீடர்கள் ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்க வேண்டுமாம். ஒலிபெருக்கிதான் நம் காலத்துத் திரை என்றார் ஷேஃபர். திரைக்குப் பின்னால் யார் என்று கேட்காதே; ஒலியின் உருவத்தை, அதன் பரப்பை, அது எழுந்து அடங்கும் விதத்தைக் கேள்.

இருபது வயதில் இதைப் படித்தபோது எனக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. காரணம் அழகியல் இல்லை, வெட்கம். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் பாட்டி வீடு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது இந்த ஸ்டேஷனிலிருந்துதான். எங்களுக்கு அது வரலாறு இல்லை, தூக்கத்தைக் கெடுக்கும் சரக்கு ரயில். திருவொற்றியூருக்குக் குடிவந்த பிறகு கண்டெய்னர் லாரிகள். ஹார்பருக்குள் நுழைய இரவெல்லாம் வரிசையில் நின்று உறுமுவார்கள். காலேஜில் என் அறைத்தோழன், ஒரு வார இறுதி எங்கள் வீட்டில் தங்கிவிட்டு, “எப்படிடா இதுக்குள்ள படிச்சு பாஸ் பண்ண?” என்றான். அனுதாபமாகத்தான் கேட்டான். அடுத்த முறை யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

சத்தத்துக்கு முகவரி வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், அதுவும் இன்ஜினியர் என்றதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்குப் பியசோ தகடு வாங்கி, ஒயர் பற்றவைத்து, தொட்டால் கேட்கும் மைக் செய்தேன். அத்திப்பட்டுப் பக்கம் மின்மாற்றிகளின் ரீங்காரத்தைப் பதிவு செய்து லேப்டாப்பில் அலைவரிசைப் படமாகப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, 200இல் ஒன்று, 300இல் ஒன்று என்று ஏணி மாதிரி போனது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றியின் இரும்பு ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை அதிர்வதால் 100. இந்தியா முழுக்க எல்லா மின்மாற்றியும் பாடுவது இந்தச் சுருதிதான். எண்ணூரில் நிலக்கரி எரித்து எடுக்கும் மின்சாரம் போய்க் கலக்கும் அதே கிரிட்டிலிருந்துதான் மார்கழியில் மயிலாப்பூர் சபாவின் சுருதிப் பெட்டிக்கும் மின்சாரம் வருகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரே பெருமை. ஊரின் ஆதார சுருதியை நான்தான் முதலில் கேட்டவன் மாதிரி.

3

முதலில் கேட்டவன் நான் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பெயர் வேண்டாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு கேட்பார். ஃபிட்டர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் இரும்பு வழியாக உள்ளே நடப்பது மட்டும் தனியாக வரும். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு போகும். போகப்போகிற பேரிங் மண்ணைக் கடித்த மாதிரி நறநறக்கும். நான் பியசோ தகட்டில் செய்தது இதே வேலைதான். சின்ன வயதில் சைக்கிள் சக்கரத்தில் எனக்குக் காட்டிக்கூடக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டல் என்று நான் எண்ணவே இல்லை; ரிப்பேர் என்று நினைத்தேன்.

அந்தக் காதுகளுக்கு இப்போது பாதிதான் கேட்கிறது. பரிசோதனை செய்த டாக்டர் கொடுத்த படத்தில் இடதுபக்கம் கோடு ஓரளவு மேலே இருக்கிறது. 4000 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் கிணறு மாதிரி இறங்குகிறது. பல வருட இரைச்சல் காதில் விட்டுப்போகும் கையெழுத்து அது. உள்காதின் நுண்ணிய முடிகள் செத்தால் திரும்ப முளைக்காது. இந்தியச் சட்டத்தில் தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. இரைச்சலால் வரும் காது இழப்பு, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலை நெடுங்காலம் தாங்கி நின்ற தொழிற்சாலைகள் சட்டம் நிறைவேறிய தேதி செப்டம்பர் 23, 1948. ஷேஃபரின் ரயில் ஒலிபரப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. இந்த நோய் பட்டியலில் திருத்தமாகச் சேர்ந்தது பல வருடம் கழித்துத்தான் என்றாலும், இந்த இரண்டு தேதிகளும் என் மண்டையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒரே இலையுதிர்காலத்தில் பாரிஸில் ஒருவர் இயந்திரச் சத்தத்தை அதன் காரணத்திலிருந்து பிரிக்கப் பார்க்கிறார். டெல்லியில் அந்தச் சத்தத்துக்குள் நிற்கும் ஆட்களைப் பற்றிச் சட்டம் எழுதுகிறார்கள்.

நாலாயிரம் ஹெர்ட்ஸ் போனால் என்ன போகும்? பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழ் அலைவரிசைகளில் இருக்கிறது. மெய்யெழுத்துகளை, முக்கியமாக வல்லினத்தை, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் கூர்மை மேலே இருக்கிறது. அதனால் அப்பாவுக்கு உயிர் கேட்கும், மெய் கேட்காது. ‘பசி’, ‘பதி’, ‘படி’ மூன்றும் ஒன்றுதான். நாம் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது கேட்பதில்லை. யோசித்துப் பார்த்தால் ஷேஃபர் தன் மாணவர்களுக்கு வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்து வரவழைக்கப் பார்த்த நிலை இது. அர்த்தம் உதிர்ந்து ஒலி மட்டும் மிஞ்சுவது. அப்பாவுக்கு அது சும்மாவே வந்துவிட்டது. அவர் அதைக் கொண்டாடவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

போன வருடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பதிவு செய்தேன். ஐஸ் பாளங்களைப் போட்டுத் தூளாக்கும் மெஷின். அதற்குப் பின்னால் ஏலக் குரல்கள், லாஞ்ச் எஞ்சின்கள், மேலே பருந்துகளின் சீழ்க்கை. மெஷினின் அடித்தொனி மட்டும் நீளமாகத் தெரியும்படி கொஞ்சம் வடிகட்டி, பதினோரு நிமிடமாக்கி, ‘கடல் ட்ரோன் 2’ என்று பெயர் வைத்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். தியானம் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். ஆசையாக அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்து, ஒலியளவை முழுசாக வைத்தேன். பருந்து அவருக்குக் கேட்டிருக்காது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முகம் மாறியது.

“டேய், இத்த மொதல்ல நிறுத்தச் சொல்லு. உள்ள கடகடன்னு ஒண்ணு வருது பாரு. பேரிங்கு போயிட்டிருக்கு. கிரீஸ் வெச்சே ரொம்ப நாளாச்சு.”

நான் அடித்தொனி என்று பதினோரு நிமிடம் நீட்டியது அந்தக் கடகடப்பைத்தான்.

4

அதற்குப் பிறகு என் பட்டியலில் இருந்த இசையை எல்லாம் ஒரு புதுக் கேள்வியோடு திரும்பக் கேட்டேன்: இதைச் செய்தவர் பேரிங்கைக் கேட்டாரா, ட்ரோனைக் கேட்டாரா?

தொழிற்சாலைகளுக்கு வெளியே மைக் வைத்து, எதிரொலி சேர்த்து, மூட்டமான ஒரு முனகலாக மாற்றிய ஆல்பங்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அட்டையில் துருப்பிடித்த தூண், பனிமூட்டம். அவற்றில் பலவற்றை ஒரு காலத்தில் வேலை செய்துகொண்டே விரும்பிக் கேட்டிருக்கிறேன். இப்போது முடிவதில்லை. அங்கே ஷிஃப்ட் இருக்கிறதா, ஆள் இருக்கிறானா என்று எந்தத் தடயமும் வைக்காமல் துடைத்திருப்பார்கள். அதைத்தான் நானும் காசிமேட்டில் செய்திருந்தேன்.

புத்தாதித்ய சட்டோபாத்யாயின் வேலை இந்த ரகத்தைவிட எவ்வளவோ மேல். வங்காளம், ஜார்கண்ட் எல்லைப் பக்கம் தும்பானி என்ற பகுதி தொழில்மயமாவதை வைத்து 2008இல் ‘லேண்ட்ஸ்கேப் இன் மெட்டமார்ஃபோசஸ்’ செய்தார். 2013இல் ‘எலிஜி ஃபார் பெங்களூர்’. அது வந்தபோது நான் பெங்களூரில் வேலை பார்த்தேன். மெட்ரோவுக்காகச் சாலைகளைத் தோண்டிப் போட்டிருந்த காலம். தினமும் திட்டிக்கொண்டே கடந்த இரைச்சலுக்குள் ஒரு நகரத்தின் ஒப்பாரி இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த ஆல்பம். இந்திய நகரங்களின் ஒலியை ‘வண்ணமயமான கூச்சல்’ என்று விற்காமல் இழப்பாகக் கேட்டவர் என்ற வகையில் அவர் எனக்கு முக்கியம். ஆனாலும் ஓர் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். அவர் பின்னால் எழுதிய ஒரு புத்தகத்தின் தலைப்பே ‘நாடோடிக் கேட்பவர்’ என்று பொருள்படுவது. ஊர் ஊராக நகர்ந்துகொண்டே, நினைவில் மிதந்துகொண்டே கேட்கும் காது அது. நாடோடிக்கு அடுத்த ஊர் இருக்கிறது. பெரியகுப்பத்தில் இருப்பவருக்கு அடுத்த ஊர் இல்லை. அவர் கேட்கும் விதம் வேறாகத்தான் இருக்கும்; அந்தக் கேட்டலுக்கான வடிவத்தை ‘எலிஜி’ எனக்குத் தரவில்லை. இரங்கற்பா பாட ஏதாவது செத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் இன்னும் சாகவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வடிவத்துக்குப் பக்கத்தில் வந்தவர் என்று நான் நினைப்பது பீட்டர் கியூசாக். 2012இல் வந்த ‘சவுண்ட்ஸ் ஃப்ரம் டேஞ்சரஸ் பிளேசஸ்’ ஒரு புத்தகமும் இரண்டு சிடிகளும். செர்னோபிலின் தடைசெய்யப்பட்ட பகுதிக்குப் போகிறார். ஆள் இல்லாததால் அங்கே பறவைகள் செழித்திருக்கின்றன. ஒரு பதிவில் குயில் கூவுகிறது; கூடவே கதிர்வீச்சு அளக்கும் கருவி டிக் டிக் என்கிறது. இரண்டு ஒலிகள், வேறொன்றும் இல்லை. குயிலை மட்டும் கேட்டால் சொர்க்கம். கருவி இல்லாவிட்டால் ஆபத்துக்கு அங்கே ஒலியே கிடையாது. கியூசாக் எந்த ஒலியையும் பெயரில்லாமல் விடுவதில்லை. எங்கே, என்ன, யார் என்று பக்கத்திலேயே எழுதுகிறார். அந்த மக்களின் பாட்டையும் சேர்க்கிறார். ஒலி வழி இதழியல் என்று இதற்குப் பெயர் வைத்தார். ஷேஃபர் பள்ளிக்காரர்களுக்கு இது இசைக்கு முந்தின கச்சாப் பொருளாகத்தான் தெரியும். எனக்கு, திரையை விலக்கிவிட்டும் அழகு குறையவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி.

அதே தொகுப்பில் பாகு நகரத்தின் பீபி ஹெய்பத் எண்ணெய் வயல்களும் வருகின்றன. இந்த பாகுவில்தான் 1922 நவம்பர் 7 அன்று அர்செனி அவ்ராமோவ் ‘சைரன்களின் சிம்பொனி’ நடத்தினார். ஆலைச் சங்குகள், கப்பல்களின் ஊதல், பீரங்கி, பாடும் கூட்டம். நகரமே வாத்தியம், ஓர் உயரத்திலிருந்து கொடியசைத்து நடத்துகிறார். அன்று அதை யாரும் பதிவு செய்யவில்லை. வடசென்னைக்காரர்களுக்கு இதைக் கற்பனை செய்யக் கஷ்டமே இல்லை. ஷிஃப்ட் சைரனை நாம் ‘சங்கு’ என்றுதான் சொல்கிறோம். பிறப்புக்கும் சாவுக்கும் ஊதுவதையே வேலைக்கும் ஊதினார்கள். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, அவர்களின் பகலும் இரவும் இந்தச் சங்குக்குத்தான் கட்டுப்பட்டிருந்தன. யாருடைய நேரத்தை அறிவிக்கிறதோ அவருக்கு அது ஒருபோதும் வெறும் ஒலி ஆகாது. அவ்ராமோவ் அந்தச் சங்கை ஒரு நாள் தொழிலாளி கையில் கொடுத்துப் பார்த்தார்.

நம் நாட்டுப் பங்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சரக்கு என்று ஒரு பேச்சு உண்டு. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரோடு மின்னணு இசை ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார். அங்கே கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் செய்த நாடாக்கள் பல பத்தாண்டு அலமாரியில் கிடந்து, பால் பர்காஸ் தேடி எடுத்ததால் 2023இல் ஆல்பமாக வந்தன. இந்த கீதா சாராபாய்தான் 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். மனதை அடக்கி அமைதிப்படுத்தி, தெய்வீகமானது உள்ளே வர வழிவிடுவதே இசையின் வேலை என்று தன் குரு சொன்னதை அவர் கேஜிடம் சொன்னார். கேஜ் வாழ்நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டார். உயர்ந்த லட்சியம்தான். ஆனால் மனம் அடங்கி உட்காரக்கூடிய இடத்தில் இருப்பவருக்குச் சொன்னது.

5

சரி, எண்ணூரும் ராயபுரமும் எங்கே கேட்டிருக்கின்றன?

சினிமாவில் பார்த்திருக்கிறோம். காசிமேடு, ஹார்பர், கண்டெய்னர் யார்டு இல்லாமல் ரவுடிப் படம் உண்டா? ஆனால் தமிழ் சினிமாவில் பெரும்பாலும் பேச்சு டப்பிங்கில், மற்ற ஒலிகள் ஸ்டூடியோவில். ஐம்பது வருடமாக எங்கள் ஊரின் முகத்தை எடுத்துக்கொண்டு குரலைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ இதில் முக்கியமான ஒரு திருப்பம். கபேர் வாசுகியின் வரிகளை டி. எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பலுக்கு நடுவில் நின்று பாடினார். கர்னாடக இசைக்குள் சென்னைப் பேச்சுத்தமிழும் அனல்மின் நிலையமும் ஒன்றாக நுழைந்தது சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் காணொளியில் எண்ணூர் கண்ணுக்குத்தான். பாடல் ஓடும்போது காதுக்குக் கிடைப்பது குரலும் பக்கவாத்தியமும். அந்த நிலத்தைப் பற்றிப் பாடினார்கள். அந்த நிலம் வாய் திறக்கவில்லை.

நிலம் வாய் திறக்கும் ஒரு தமிழ்ப் படைப்பை நான் தேடிக் கண்டது பத்துப்பாட்டில். மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. பரிசு பெற்று வரும் கூத்தன் ஒருவன், இனிமேல் போகப்போகும் கூத்தர்களுக்கு நன்னனிடம் போகும் வழி சொல்கிறான். தொடக்கத்திலேயே அவர்கள் பையில் கட்டிக்கொண்டு போகும் வாத்தியங்களின் பட்டியல் வருகிறது: முழவு, ஆகுளி, பாண்டில், குழல், இன்னும் பல. பாட்டின் நடுவில் இன்னொரு நீண்ட பட்டியல்: அந்த மலையில் கேட்கும் ஒலிகள். அருவியில் ஆடும் பெண்கள், முள்ளம்பன்றி தாக்கியவரின் அழுகை, புலி கிழித்த கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு, தினை குற்றும் வள்ளை, கிளி விரட்டும் தட்டை, பன்றி விரட்டும் பறை, கரும்பு ஆலை. இவை எல்லாம் சேர்ந்து எழும் முழக்கத்தை, மலை என்ற யானைக்கு ஒழுகும் மதமாகச் சொல்கிறார் புலவர். பாட்டின் பெயரே அதுதான்.

கூத்தரின் பையில் இருக்கும் வாத்தியங்களும் மலையின் ஒலிகளும் ஒரே பாட்டுக்குள் சமமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்பவர்கள் இசைக்காரர்கள். அவர்களிடம் எந்த ஒலியும் காரணம் கழற்றிக் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு, வேலை உண்டு, பல இடங்களில் வலி உண்டு. ஆபத்தும் உண்டு: தினைப்புனக் காவலர்கள் யானை விரட்ட எறியும் கவண்கல் சீறி வரும், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டி எச்சரிக்கிறான். உயிர் பிழைக்கக் கேட்பதும் ரசிக்கக் கேட்பதும் அங்கே இரண்டு வேலைகளாகப் பிரியவில்லை. அப்பாவின் ஸ்க்ரூட்ரைவர் இந்தப் பரம்பரைதான்.

6

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருக்கும் உறவுக்கார அக்கா ஒருவரிடம் பிறகு பேசினேன். இந்த இசைப் பைத்தியத்தில், “அன்னிக்கு என்னக்கா சத்தம் கேட்டுச்சு?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சத்தம் இன்னா சத்தம்? கண்ணு எரிஞ்சுது, தொண்ட அடச்சுது. அப்பால எதிர்வீட்டுல கதவத் தட்டுனாங்க. அந்தத் தட்டுற சத்தந்தான்.”

வாயுவுக்கு ஒலி இல்லை, கதிர்வீச்சுக்கு இல்லாதது போலவே. செர்னோபிலில் கியூசாக்கின் கருவி செய்ததை அங்கே எதிர்வீட்டுக்காரரின் கை செய்தது. எண்ணூரைப் பற்றி யாராவது ஓர் ஒலிப்பதிவு இசை செய்தால், அதன் மையத்தில் இருக்க வேண்டியது தொழிற்சாலையின் முழக்கம் இல்லை, ராத்திரியில் கதவு தட்டும் சத்தம் என்று அன்று தோன்றியது. அதை நான் பதிவு செய்ய முடியாது. மறுபடியும் அது கேட்கவே கூடாது.

அப்படியென்றால் ஷேஃபர் எதற்கு? அவரைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. காரணத்தை மறந்து கேட்கக் கற்றுக்கொண்டதால்தான் எங்கள் ஊர்ச் சத்தத்தை வெட்கமில்லாமல் கேட்க முடிந்தது. ஒரு மின்மாற்றிக்கு முன்னால் அரைமணி நேரம் சும்மா நிற்கும் பொறுமையை அந்த ஆள்தான் கொடுத்தார். என் தவறு, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஃபெராரி அங்கே உட்காரவில்லை. அதே பள்ளியில் படித்துவிட்டு, ஜன்னலில் மைக்கை வைத்து, படகைப் படகாகவே விட்டார். அதனால்தான் ஐம்பது வருடம் கழித்து, கடல் தாண்டி, திருவொற்றியூர் மொட்டைமாடியில் ஒருவன் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். கழற்ற வைத்ததுதான் அந்த இசையின் வெற்றி என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவுக்கு என் பதிலும் இதுதான்: சும்மாவே கேட்பது உண்மைதாம்மா, ஆனால் நான் கேட்காமலே வளர்ந்துவிட்டேன். திரும்பக் கேட்க எனக்கு ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய் ஐஸ் மெஷின்காரரிடம், அப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “தெரியும் தம்பி. ஒரு மாசமாவே கத்துது. தடைக்காலம் வரட்டும், கழட்டிடலாம்.” பக்கத்தில் கூடை வைத்துக்கொண்டு நின்ற அம்மாவும் தலையாட்டினார். அந்த இடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. பதினோரு நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்ட எனக்குத்தான் கேட்கவில்லை.

வடிகட்டியதை எல்லாம் எடுத்துவிட்டு, ஏலக் குரல்களோடும் பருந்தோடும் அந்தப் பதிவைத் திரும்ப ஏற்றினேன். பெயரையும் மாற்றிவிட்டேன்: ‘காசிமேடு, ஐஸ் உடைக்கும் மெஷின், பேரிங்கில் கிரீஸ் இல்லை.’ தியானம் மாதிரி இருக்கிறது என்றவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் கேட்கிறார், மாற்றிவிட்டார்களா என்று. நான் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, உதடு தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

“இன்னும் இல்லப்பா. தடைக்காலத்துல மாத்துவாங்களாம்.”